மூயெட்டுக்கு நான் சொல் படித்த விதம்: ‘டோல்ட்ரம்ஸ்’

மலேசியப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் ஆங்கிலத் தேர்வான மூயெட் (MUET) முடிவு வந்துவிட்டது, பேண்ட் நாலரை. கேட்ட படிப்புக்கு இது போதும், வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஆறாம் படிவத் தம்பி தங்கைகள் எப்படிப் படித்தீர்கள் என்று கேட்கிறார்கள். தாள்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சொல் படித்த விதத்தை மட்டும் சொல்கிறேன். என்னைக் கரை சேர்த்தது அதுதான்.

அகராதி அர்த்தத்தை மனப்பாடம் செய்தால் வாசிப்புத் தாளில் கைகொடுக்காது. டோல்ட்ரம்ஸ் (doldrums) என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சொற்பட்டியல்களில் ‘மனச்சோர்வு’ என்று போட்டிருக்கும். பயிற்சித் தாளிலோ ஒரு நாட்டின் பொருளாதாரமே ‘இன் த டோல்ட்ரம்ஸ்’ என்று வந்து நிற்கும்.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் லெபோ பாசார் கடைத்தெருவுக்குத் தீபாவளி முடிந்த பிறகு போய்ப் பாருங்கள். எங்களுக்குத் தெரிந்த துணிக்கடை மாமா கல்லாவில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருப்பார். பிரிக்காத சட்டைகள் பிளாஸ்டிக் உறையோடு அடுக்கில் இருக்கும். “வியாபாரம் எப்படி மாமா?” என்றால், “மந்தம்தாம்மா” என்பார். எனக்கு அர்த்தம் பிடிபட்டது அங்கேதான். நம் ‘மந்தம்’ வியாபாரத்துக்கும் வரும், மனசுக்கும் வரும். மலாய்ச் செய்தியில் சந்தையை ‘லெசு’ என்கிறார்களே, அதுவும் இதுதான்.

பூமத்திய ரேகைப் பக்கம் காற்று அடங்கிக் கிடக்கும் கடலுக்கும் இதே பெயர். பாய்மரக் கப்பல்கள் அங்கே நகர முடியாமல் நாள்கணக்கில் நிற்கும். மனச்சோர்வுக்குச் சொன்ன பெயர்தான் 19ஆம் நூற்றாண்டில் கடலுக்கும் போனது. அதனால் அசைவில்லாமல் கிடப்பதுதான் இந்தச் சொல்லின் உயிர். துக்க வீட்டுக்கு இது பொருந்தாது.

குறித்துக்கொள்ளுங்கள், முதலில் டோல்ட்ரம்ஸ், பிறகு அதோடு குழம்பும் மற்றச் சோகச் சொற்கள்:
- டோல்ட்ரம்ஸ் பன்மையில்தான் வரும், முன்னால் பெரும்பாலும் ‘த’ இருக்கும்.
- ‘இன் த’, ‘அவுட் ஆஃப் த’ இரண்டும் போதும். ‘ஐ ஆம் டோல்ட்ரம்ஸ்’ என்று எழுதினால் தவறு.
- டிஜெக்டட்: தோற்றுவிட்டுத் தலை கவிழ்ந்து வரும் ஆள்.
- டெஸ்பான்டன்ட்: நம்பிக்கையே விட்டுப் போனவர்.
- க்ளூமி: ஆளுக்கும், வானத்துக்கும், வருங்காலக் கணிப்புக்கும்.
- மெலன்கலி: காரணம் தெரியாமல் நீளும் சோகம். இசைக்கும் சொல்லலாம்.
- டிப்ரெஸ்ட்: நோயின் பெயரோடு ஒட்டியது. கட்டுரையில் சும்மா தூவாதீர்கள்.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. சத்தம் இருந்தால் ஒன்றும் ஏறாது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சொல்லுக்கு மூன்று வாக்கியம் எழுதுவேன்: ஒன்று ஆளைப் பற்றி, ஒன்று காசைப் பற்றி, ஒன்று ஊரைப் பற்றி. அப்புறம் வாய்விட்டுப் படிப்பேன். மூன்றில் எது ஒட்டவில்லையோ, அந்த இடத்தில் அந்தச் சொல் வராது என்று புரியும். சந்தேகம் வந்தால் ஆங்கிலப் பத்திரிகையின் வணிகப் பக்கத்தில் தேடிப் பார்ப்பேன்.

பேச்சுத் தேர்வில் நாக்குக்குப் பழகாத சொல்லைத் தொடவே வேண்டாம். சிறு வியாபாரிகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது டோல்ட்ரம்ஸ் எனக்குத் தடுக்காமல் வந்தது. அந்த மாமா கடையைப் பற்றி அதற்கு முன்பே வீட்டில் உரக்கச் சொல்லிப் பழகியிருந்தேன்.