கண்ணாடியில் உதட்டுத் தடம்

காலையில் விளக்கு எரிந்ததும் எங்கள் கடல்நீர்த் தொட்டியில் இருக்கும் கோலே டாங் மீன் வேலையைத் தொடங்கிவிடும். உதட்டைக் குவித்துக் கண்ணாடியில் வைக்கும், தலையை ஒரு வெட்டு வெட்டும், நகரும். பழுப்புப் பாசிப் படலத்தில் வரிசையாக முட்டை வடிவத் தடங்கள். கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், உடம்பெல்லாம் மெல்லிய கோடுகள். ஹவாய்க் கடல் மீன்.

இந்த வகை டாங்குகளுக்குப் பல் சீப்பு மாதிரி, நுனி அசையும். பாறைமேல் படிந்த மெல்லிய பாசியையும் கசடையும் வாரி உறிஞ்சத்தான் அது. நீளமாக வளர்ந்த முடிப்பாசியைக் கடித்துத் தின்ன மஞ்சள் டாங்தான் சரி. அந்த வேலைக்கு இதை வாங்காதீர்கள்.

புதுசாக வைத்த பளபளப்பான தொட்டியில் இதற்குச் சாப்பாடே இருக்காது. பாறைகள் கொஞ்சம் அழுக்காகட்டும். கடையில் முதுகையும் நிறத்தையும் பார்ப்பதைவிட வயிற்றைப் பாருங்கள்; உள்ளே ஒட்டியிருந்தால் வேண்டாம். உங்கள் கண்முன்னே மீனுக்குத் தீனி போட்டுக் காட்டச் சொல்லுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. வீட்டில் நான் மசாலா சேர்க்காத நோரியை (காயவைத்த கடற்பாசித் தாள்) கிளிப்பில் மாட்டிவைக்கிறேன்.

வளர்ந்தால் 15 முதல் 18 செ.மீ. வரும், நாள் முழுக்க நீந்தும். நாலடிக்குக் குறைந்த தொட்டி வேண்டவே வேண்டாம். வெண்புள்ளி நோய் டாங்குகளுக்குச் சட்டென்று வரும், அதனால் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். அப்புறம், பிடிக்கும்போது வலை வேண்டாம்: வால் அடியில் கத்தி போன்ற முள் உண்டு, வலையில் சிக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் டப்பாவே நல்லது.