தலை முந்தியதால் கடலுக்குப் போன டிஸ்க்குகள்

வட்டத் தட்டை (டிஸ்க்) இலக்கை நோக்கி வீசும் டிஸ்க் கோல்ஃப் பழகத் தொடங்கிய முதல் ஆறு மாதங்களில் மூன்று டிரைவர்களை, அதாவது நெடுந்தூரம் வீசுவதற்கான டிஸ்க்குகளை, கடலூர் தேவனாம்பட்டினத்துக் கடலுக்குப் பறிகொடுத்தேன். சில்வர் பீச்சில் ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு பகுதியில் மூங்கில் கழி ஒன்றை இலக்காக நட்டு, வடக்குப் பார்த்து வீசுவது என் வழக்கம். அப்படி நின்றால் கடல் வலப்பக்கம் இருக்கும். வலக்கைக்காரர் கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் பேக்ஹேண்டாக வீசும் டிஸ்க், வேகம் தணியும்போது இடப்பக்கம், அதாவது கரைப்பக்கம், சரிந்து இறங்க வேண்டும். என்னுடையதோ கையை விட்ட கணமே வலப்பக்கம் பிய்த்துக்கொண்டு போய் அலையில் விழுந்தது. டிரைவர்கள் பெரும்பாலும் தண்ணீரில் மிதக்காது என்பதை இந்த வகையில்தான் தெரிந்துகொண்டேன்.

காலையில் கரையிலிருந்து கடல் நோக்கி வீசும் நிலக்காற்றின் மேல் பழியைப் போட்டுச் சில வாரங்களை ஓட்டினேன். பிறகு மஞ்சக்குப்பம் மைதானத்தில், இலை அசையாத ஒரு காலையில் வீசிப் பார்த்தபோதும் டிஸ்க் வலப்பக்கம்தான் போயிற்று. அன்று கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்த என் சித்தி மகன், "அண்ணே, டிஸ்க்குக்கு முன்னாடி உங்க தலைதான் பறக்குது" என்றான். கேலி என்றுதான் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து காட்சியை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது அவன் சொன்னதில் மிகையேதும் இல்லை.

கையைப் பின்னுக்கு நீட்டும்போது தோள்கள் இலக்குக்கு முதுகு காட்டும் அளவுக்குத் திரும்ப வேண்டும்; தலையும் அவற்றோடு திரும்பி, கண் சிறிது நேரம் இலக்கை விட்டுவிட வேண்டும். நானோ மூங்கில் கழி எங்கே ஓடிவிடுமோ என்பதுபோல் அதையே முறைத்துக்கொண்டிருந்தேன். கழுத்து ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் இழுத்ததால் தோள் பாதிதான் திரும்பியது. வீசத் தொடங்கியதுமே முகம் முந்திக்கொண்டு திரும்பி, தோளையும் முன்கூட்டியே திறந்துவிட்டது. போதாக்குறைக்கு முகவாய் மார்பைத் தாண்டி முன்னே தொங்கியது. டிஸ்க்கின் குறுக்களவில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம் என்பது ஆட்ட விதிப்படி அதன் எடைக்கு உச்சவரம்பு. ஆகவே 21 சென்டிமீட்டர் டிரைவர் 174 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். மனிதத் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அது முன்னே சாய்ந்தால் உடலின் பாரம் கால்விரல் நுனிக்குப் போய்விடும்; நெஞ்சுக்கு நெருக்கமாக நேர்கோட்டில் வர வேண்டிய கை, விழாமல் தப்பிக்கும் அவசரத்தில் உடலைச் சுற்றி வளைந்து வரும்.

திருத்தம் என்ற பெயரில் முதலில் செய்தது இன்னொரு தவறு. தலையை அசைக்கவே கூடாது என்று முடிவு செய்து, டிஸ்க் கையை விட்டுப் போன பிறகும் தரையையே பார்த்தபடி கழுத்தை இறுக்கிக்கொண்டேன். தோள்கள் முழு வேகத்தில் சுழலும்போது தலை மட்டும் நின்றால் அந்த இழுப்பு முழுவதும் கழுத்தில்தான் விழும் என்பது பத்து நாள் வலிக்குப் பிறகு விளங்கியது. தலை அசையலாம், தோளை முந்தக் கூடாது. டிஸ்க் கையை விட்டுப் போன பிறகு தோளின் சுழற்சியே முகத்தை இலக்குப் பக்கம் கொண்டுவந்து சேர்க்கும்.

அத்தை தலையில் குடம் வைக்கச் சும்மாடு சுற்றியது நினைவுக்கு வர, நானும் ஒரு துண்டை மடித்துத் தலையில் வைத்து, டிஸ்க் இல்லாமல் மொட்டை மாடியில் மிக மெதுவாக அந்த அசைவைச் செய்து பழகினேன். முகவாய் முன்னே பாயும் ஒவ்வொரு முறையும் துண்டு விழுந்தது. டிஸ்க்கின் வெளி விளிம்பு தாழ்ந்திருக்கும் ஹைசர் கோணத்தில் உடலையே சாய்த்து வீசும்போது தலையும் சேர்ந்து சாய்வதால் இந்தப் பயிற்சி அதற்குப் பொருந்தாது; நிமிர்ந்து வீசுவதற்கு மட்டும் போதுமானது. கரகாட்டம் எப்போது அரங்கேற்றம் என்று என் மனைவி கேட்டதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

ஆனால் எனக்கு உண்மையான ஆசான் ஈர மணல்தான். அலை வடிந்த இடத்தில் வெறுங்காலோடு நின்று வீசிவிட்டுத் தடத்தைக் குனிந்து பார்த்தேன். வலக்காலின் ஐந்து விரல்களும் ஆழமாகக் குழி பறித்திருந்தன, குதிகால் பட்ட சுவடே இல்லை. அதன்பின், முதுகை வளைத்துக் குனியாமல் இடுப்பிலிருந்து சாய்ந்து, பின்புறத்தைச் சற்றுப் பின்னே தள்ளி, தலையின் பாரத்துக்கு ஈடு கட்டினேன். பாரம் பாதத்தின் நடுவில் இறங்கியதை உள்ளங்காலே சொன்னது. மூன்றாவது வாரம் தடம் மாறியது. விரல்களும் குதிகாலும் ஒரே ஆழத்தில் பதிந்திருந்தன. வீச்சு முடிந்ததும் பாதம் குதிகாலை ஊன்றித் திரும்பியதால், விரல்கள் இழுத்த அரைவட்டக் கோடு ஒன்று மணலில் தெளிவாகத் தெரிந்தது. அந்த டிஸ்க் கழியைத் தாண்டி, இடப்பக்கம் சரிந்து, உலர்ந்த மணலில் இறங்கியது.

நின்ற இடத்திலிருந்து வீசும்போது இப்போது பத்தில் எட்டு கரைப்பக்கம் விழுகின்றன. எக்ஸ்-ஸ்டெப் எனப்படும் பின்னல் நடையோடு வீசினால் மட்டும், கடைசிக் காலடியில் தலை பழையபடி முந்திக்கொள்கிறது. ஆகவே அந்த நடையை மஞ்சக்குப்பம் மைதானத்தில் மட்டுமே பழகுகிறேன். கடற்கரைக்குப் போகும் நாட்களில் நின்றபடியேதான் வீசுகிறேன்.