கிளிக் கணக்கும் கடைக் கணக்கும்: கூகுள் விளம்பரத் தேர்வுக்கு நான் படித்த விதம்

கரூரில் பெட்ஷீட், துண்டு விற்கும் ஒரு கடையில் ஆறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் வழி, அப்புறம் பி.காம். கடை ஆன்லைனில் விற்க ஆரம்பித்ததும் விளம்பரச் செலவும் என் மேஜைக்கு வந்து சேர்ந்தது. மாதா மாதம் வரும் ரிப்போர்ட்டில் பாதி வார்த்தை புரியாமலே பணம் கட்டுவது மனசை உறுத்தியது. அதனால் கூகுளின் ஸ்கில்ஷாப் என்ற இணையப் பயிற்சித் தளத்தில் உள்ள இரண்டு தேர்வுகளை எழுதுவதென்று முடிவு செய்தேன். ஒன்று, கூகுளில் விளம்பரம் கொடுக்க உதவும் கூகுள் ஆட்ஸின் தேடல் விளம்பரத் தேர்வு. இன்னொன்று, நம் தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் தேர்வு. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. நான் எழுதியபோது ஒவ்வொன்றிலும் 50 கேள்விகள், 75 நிமிடம். தேர்ச்சிக்கு 80 சதவீதம், அதாவது 40 கேள்விக்காவது சரியான பதில் வேண்டும்.

முதல் தடவை தேடல் விளம்பரத் தேர்வில் எனக்கு வந்தது 62 சதவீதம். ஒரு பயிற்சி மையத்தில் தந்த கேள்வி-பதில் தொகுப்பை மனப்பாடம் செய்துவிட்டுப் போயிருந்தேன். தெரியாத வார்த்தைகளுக்கு அகராதி பார்த்து ஓரத்தில் தமிழில் எழுதி வைத்திருந்தேன். இம்ப்ரெஷனுக்கு ‘மனப்பதிவு’, கன்வர்ஷனுக்கு ‘மாற்றம்’, பவுன்ஸுக்கு ‘துள்ளல்’. எல்லாம் சரியான தமிழ்தான். ஆனால் “இந்த விளம்பரதாரர் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?” என்று கேள்வி வந்தபோது ‘மனப்பதிவு’ கைகொடுக்கவில்லை. தவறினால் ஒரு நாள் கழித்து மறுபடி எழுதலாம். நான் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டு வேறு மாதிரி படித்தேன்.

இந்தத் துறையில் ஒவ்வொரு வார்த்தையும் எதையோ எண்ணுவதற்கான ஒரு விதி. அதனால் நோட்டில் அர்த்தம் எழுதுவதை விட்டேன். எந்த வார்த்தை வந்தாலும் மூன்று கேள்வி கேட்டேன்: எண்ணுவது யார், எந்த நொடியில் ஒன்று கூடுகிறது, எதால் வகுக்கிறார்கள்? விளம்பரம் ஒரு தடவை காட்டப்பட்டால் இம்ப்ரெஷன் ஒன்று கூடும். ஒரே ஆள் ஐந்து தடவை பார்த்தால் இம்ப்ரெஷன் ஐந்து, ஆனால் பார்த்த ஆட்களின் எண்ணிக்கையான ரீச் ஒன்றுதான். ஐந்தை ஒன்றால் வகுத்தால், ஒருவர் சராசரியாக எத்தனை தடவை பார்த்தார் என்ற ஃப்ரீக்வென்சி.

வகுத்தல் கணக்குகளை எங்கள் கடையை வைத்தே போட்டேன். விளம்பரம் 20,000 தடவை காட்டப்பட்டது, 400 கிளிக், செலவு 3,200 ரூபாய், 16 ஆர்டர், ஆர்டருக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 400-ஐ 20,000-ஆல் வகுத்தால், காட்டியதில் எவ்வளவு கிளிக் ஆனது என்ற சிடிஆர் 2 சதவீதம். செலவைக் கிளிக்கால் வகுத்தால் ஒரு கிளிக்கின் விலையான சிபிசி 8 ரூபாய். ஆயிரம் இம்ப்ரெஷனுக்கான செலவு 160 ரூபாய், அதுதான் சிபிஎம். (இதில் வரும் எம் மில்லியன் இல்லை, லத்தீனில் ஆயிரத்தைக் குறிக்கும் மில்லே.) கிளிக் செய்தவர் நாம் விரும்பியதைச் செய்வது, இங்கே ஆர்டர் போடுவது, கன்வர்ஷன். கன்வர்ஷன் ரேட்டுக்கு 16-ஐக் கிளிக்கால் வகுக்க வேண்டும், 4 சதவீதம் வரும். நான் முன்பு இம்ப்ரெஷனால் வகுத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆர்டருக்கு ஆன விளம்பரச் செலவு 200 ரூபாய், சிபிஏ. விற்பனை 9,600-ஐச் செலவால் வகுத்தால் 3, அதாவது விளம்பரத்துக்குப் போட்ட ஒரு ரூபாய்க்கு மூன்று ரூபாய் விற்பனை, அது ரோவாஸ். இது லாபம் இல்லை என்பதைக் கணக்குப் படித்தவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள். துணி, தையல், கூரியர் எதுவும் இதில் கழியவில்லை. இந்த ஒரே கணக்கை எண்களை மாற்றி மாற்றி இருபது தடவை போட்டுப் பாருங்கள், வகுக்கும் எண் தானாகவே கைக்கு வந்துவிடும்.

எதற்கு இத்தனை விதமான விலை என்று குழம்பினால், கொஞ்சம் வரலாறு உதவும். பத்திரிகை விளம்பரம்போல ‘ஆயிரம் பேர் பார்வைக்கு இவ்வளவு’ என்றுதான் இணையத்திலும் முதலில் விற்றார்கள். 1998-இல் கோடூ டாட் காம் என்ற தேடல் தளம் ஏலம் வைத்து, கிளிக் விழுந்தால் மட்டும் காசு என்ற முறையைக் கொண்டுவந்தது. கூகுள் ஆட்வேர்ட்ஸ் 2000 அக்டோபரில் ஆயிரம் பார்வைக் கணக்கில் தொடங்கி, 2002-இல்தான் கிளிக் ஏலத்துக்கு வந்தது. சிபிஎம்மில் யாரும் கிளிக் செய்யாவிட்டால் நஷ்டம் விளம்பரதாரருக்கு. சிபிசியில் அந்த நஷ்டம் தளத்துக்காரருக்கு. இதைப் புரிந்துகொண்டால், பெயர் பரவ வேண்டுமா, ஆள் வர வேண்டுமா, விற்க வேண்டுமா என்று பிரித்துக் கேட்கும் கேள்விகளில் பாதி தீர்ந்துவிடும்.

எனக்கு இந்தப் படிப்பு முழுசாகத் திறந்த இடம் வேறு. ஒரு மாதம் ஆட்ஸ் ரிப்போர்ட்டில் 412 கிளிக் இருந்தது, அனலிட்டிக்ஸில் 371 செஷன், அதாவது தளத்துக்கு வந்த வருகைகள். முதலாளி கேட்டார், “ஏம்மா, காசு எடுத்தது 412 கிளிக்குக்கு, கடைக்கு வந்தது 371தானா? மிச்சம் எங்க போச்சு?” என்னிடம் பதில் இல்லை. அன்று இரவு யோசித்தபோது பதினொன்றாம் வகுப்பில் போட்ட, கடைக் கணக்குக்கும் வங்கிக் கணக்குக்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காரணம் காட்டும் வங்கிச் சரிகட்டும் பட்டியல் நினைவுக்கு வந்தது. ரொக்க ஏடும் வங்கிப் பாஸ்புக்கும் ஒத்துப் போகாது. இரண்டில் எதுவும் பொய்யும் சொல்லாது. எழுதுகிறவர் வேறு, எழுதும் நேரம் வேறு, அவ்வளவுதான்.

கிளிக்கை எழுதுவது ஆட்ஸ், விரல் பட்ட நொடியில். செஷனை எழுதுவது அனலிட்டிக்ஸ், நம் பக்கம் திறந்து, அதில் வைத்த அனலிட்டிக்ஸ் நிரல் ஓடிய பிறகு. பக்கம் மெதுவாகத் திறந்து ஆள் பாதியில் திரும்பினால் கிளிக் உண்டு, செஷன் கிடையாது. ஆளை அடையாளம் வைத்துக்கொள்ளத் தளம் உலாவியில் (பிரௌசரில்) போட்டு வைக்கும் சின்னக் குறிப்பான குக்கீக்கு அனுமதி மறுத்தாலும் செஷன் பதிவாகாமல் போகலாம். அரை மணி நேரத்துக்குள் ஒருவரே இரண்டு தடவை கிளிக் செய்து வந்தால் கிளிக் இரண்டு, செஷன் ஒன்று. எதிர்ப்பக்கமும் நடக்கும். போலிக் கிளிக் என்று ஆட்ஸ் கழித்துவிட்டவர்கள் அனலிட்டிக்ஸில் வருகையாக நின்றுகொண்டிருப்பார்கள். தேதியும் இடிக்கும். 30-ஆம் தேதி கிளிக் செய்து 2-ஆம் தேதி வாங்கினால், ஆட்ஸ் வழக்கமாக அந்த ஆர்டரைக் கிளிக் விழுந்த 30-ஆம் தேதியில் காட்டும், அனலிட்டிக்ஸ் வாங்கிய 2-ஆம் தேதியில் காட்டும். செக் கொடுத்த நாளும் வங்கியில் அது பாஸான நாளும் மாதிரி. காமர்ஸ் படித்தவர்கள் இந்தப் பகுதிக்குப் பயப்படவே வேண்டாம், நமக்குப் பழகிய வேலைதான் இது.

அப்புறம் பழைய நோட்ஸ் விஷயம். இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் தவறவிட்ட பல கேள்விகள் இதனால்தான் போயின. அனலிட்டிக்ஸின் பழைய வடிவம் 2023 ஜூலை 1 முதல் புதிய தரவை வாங்குவதை நிறுத்திவிட்டது, இப்போது இருப்பது கூகுள் அனலிட்டிக்ஸ் 4, சுருக்கமாக ஜிஏ4. இரண்டிலும் பவுன்ஸ் ரேட் என்ற வார்த்தை உண்டு, விதி மட்டும் வேறு. பழையதில் ஒரே பக்கத்தைப் பார்த்துவிட்டு வேறு எதையும் தொடாமல் போனால் பவுன்ஸ், ஐந்து நிமிடம் உட்கார்ந்து படித்திருந்தாலும். ஜிஏ4-இல் 10 வினாடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, முக்கியமான செயல் ஒன்றைச் செய்தாலோ அது ஈடுபாடுள்ள செஷன். அப்படி இல்லாததுதான் பவுன்ஸ். கன்வர்ஷன் என்று அனலிட்டிக்ஸில் சொன்னதை 2024 மார்ச்சில் கீ ஈவன்ட் என்று மாற்றினார்கள், ஆட்ஸில் கன்வர்ஷன் அப்படியே இருக்கிறது. குக்கீயிலும் இதே கதை. 1994-இல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுல்லி உருவாக்கியது அது. நாம் இருக்கும் தளமே வைத்தால் ஃபர்ஸ்ட் பார்ட்டி, அந்தப் பக்கத்துக்குள் ஒட்டிக்கொண்டு வரும் வேறு தளம் வைத்தால் தேர்ட் பார்ட்டி. ஆப்பிளின் சஃபாரி உலாவி 2020 மார்ச்சிலிருந்து இரண்டாவதை முழுக்கத் தடுக்கிறது. கூகுளின் குரோம் உலாவியும் நிறுத்தப்போவதாக 2020 ஜனவரியில் அறிவித்து, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ‘குரோமில் தேர்ட் பார்ட்டி குக்கீ போய்விட்டது’ என்று எழுதிய நோட்ஸ் கையில் இருந்தால் ஓரமாக வைத்துவிடுங்கள்.

விளம்பர லிங்கோடு சேர்க்கும் யுடிஎம் குறிப்பு பற்றி ஒன்று மட்டும். அதிலுள்ள யு, கூகுள் 2005-இல் வாங்கிய அர்ச்சின் என்ற நிறுவனத்தின் முதல் எழுத்து. லிங்கின் வாலில் எங்கிருந்து, எந்த வழியாக, எந்த விளம்பரப் பிரச்சாரத்தால் வந்தார் என்று எழுதுகிறோம். ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு நாளும் சின்ன எழுத்தில் ஒரு நாளும் எழுதினால் ரிப்போர்ட்டில் ஒரே ஃபேஸ்புக் இரண்டு வரியாக நிற்கும். எங்கள் கடையில் நடந்தது இது, மூன்று மாதம் கழித்துத்தான் கவனித்தேன்.

சொந்தமாகத் தளம் இல்லாதவர்கள் கூகுளின் சொந்த ஆன்லைன் கடையான கூகுள் மெர்ச்சண்டைஸ் ஸ்டோரின் டெமோ கணக்கைத் திறந்து பாருங்கள். உண்மையான அனலிட்டிக்ஸ் தரவு, இலவசம். புத்தகத்தில் படித்த வார்த்தையை அங்கே தேடி எடுத்து, அதன் எண்ணைக் கையால் வகுத்துச் சரிபாருங்கள். தினமும் அரை மணி நேரம் போதும்.

தேர்வு எழுதும்போது கேள்வியின் கடைசி வரியை முதலில் படித்தேன். விளம்பரதாரருக்கு என்ன வேண்டும் என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம் உண்டு, ஆங்கிலத்தை மெதுவாகப் படிக்கிறவர்களுக்கும் போதுமான நேரம்தான். இரண்டாம் முறை 88 சதவீதம் வந்தது, மூன்று வாரம் கழித்து எழுதிய அனலிட்டிக்ஸில் 84.

சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், மறுபடி எழுத வேண்டும். அதற்காக நோட்டில் ஒவ்வொரு வார்த்தைக்கும் பக்கத்தில் அதைச் சரிபார்த்த தேதியைப் போட்டு வைக்கிறேன். மாதக் கடைசியில் முதலாளிக்கு இப்போது இரண்டு சரிகட்டும் பட்டியல் போகிறது. ஒன்று வங்கிக்கு, இன்னொன்று கிளிக்குக்கு.