குசினிக்கு வைஃபை கொண்டுபோன கதை

எங்கள் வீட்டில் வைஃபை யாருக்காக என்று கேட்டால் தங்கச்சி தன்னுடைய ஸூம் வகுப்புக்கு என்பாள், நான் என் வேலைக்கு என்பேன். உண்மையில் அது அம்மாவுக்கும் ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில் ஓடுகிற வாய்க்கால், நாங்கள் இரண்டு பேரும் அதிலே களவாகத் தண்ணீர் மறிக்கிறவர்கள், அவ்வளவுதான். விடிய ஐந்தரைக்கு அம்மா அடுப்பு மூட்டுகிற நேரம் அங்கே முதல்நாள் இரவு ஏழு மணி, பெரியம்மா வேலையால் வந்து குளிர்ச்சட்டையைக் கழற்றியதும் கழற்றாததுமாக வீடியோவில் வந்துவிடுவார். போன் குசினியில் சீனிப் போத்தலில் சாய்ந்து நிற்கும். புட்டு அவிகிற வரைக்கும் இரண்டு பேரும் ஊரையே கூட்டிப் பெருக்கிவிடுவார்கள்.

மாசி மாதம் ஒருநாள் அந்தப் படம் அப்படியே நின்றுவிட்டது. பெரியம்மா வாயைத் திறந்தபடி, கண் பாதி மூடினபடி, பத்து நிமிஷம். அம்மா பயந்துபோய், "அக்காவுக்கு என்னவோ செய்யுது, ஓடிவா தம்பி" என்று கூப்பிட்டதில் நான் வேட்டி கட்டின பாதி, கட்டாத பாதியாக ஓடினேன்.

வீட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் எங்களுடையது இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த 550 சதுர அடி வீடு. அதற்குள்ளும் ஒரு குசினி இருக்கிறது, ஆனால் அம்மா அதில் ஒருநாளும் சமைத்ததில்லை. அங்கே சாமிப்படங்களும் குளிர்சாதனப் பெட்டியும் குடியிருக்கின்றன. சமையல் எல்லாம் பின்வளவில் உள்ள விறகடுப்புக் குசினியில்தான். முன்பக்கம் அரைச்சுவர், மற்ற மூன்று பக்கமும் மீளக்குடியேறிய காலத்தில் கொட்டில் போடத் தந்த தகரம், பழைய ஆணி ஓட்டைகளோடு. ரவுட்டரோ வீட்டின் முன் ஜன்னலில். சிம் போடுகிற 4ஜி ரவுட்டர், போன் சிக்னல் கோபுரம் இருக்கிற பக்கத்தைப் பார்க்காவிட்டால் அதற்கு உயிர் வராது. ஜன்னலில் இருந்து அடுப்படி வரைக்கும் பதினெட்டு மீற்றர் இருக்கும். ஆனாலும் இரண்டு வருஷமாக எப்படியோ போய்க்கொண்டுதான் இருந்தது.

முதலில் இணைப்புக் கொடுத்தவர்களுக்கு அழைத்துச் சண்டை பிடித்தேன். அவர்கள் ரவுட்டரை நிறுத்திவிட்டுத் திரும்பப் போடச் சொன்னார்கள். போட்டேன். முன் விறாந்தையில் பறக்கிறது, குசினியில் செத்துக் கிடக்கிறது. அப்படியென்றால் கோளாறு வெளியில் இல்லை, வீட்டுக்குள்தான்.

அடுத்தது சுளகு. ரவுட்டருக்குப் பின்னால் அலுமினியத் தாள் ஒட்டின வளைந்த தட்டு ஒன்றை வைத்தால் அலை ஒரு பக்கமாகத் திரும்பிப் போகும் என்று படித்திருந்தேன், அது உண்மையும்கூட. அலுமினியத் தாளுக்குக் குறைவில்லை, வளைந்த தட்டுக்கு அம்மாவின் சுளகை எடுத்துவிட்டேன். சிக்னல் கொஞ்சம் ஏறவும் செய்தது. ஆனால் சுளகு ரவுட்டருக்கும் கோபுரத்துக்கும் நடுவில் நின்றதால், கோபுரத்திலிருந்து வருவது அரைவாசியாகிவிட்டது. அம்மா அரிசி புடைக்கச் சுளகைத் தேடி வந்து, ஜன்னலில் வெள்ளித்தாள் சுற்றி நிற்பதைக் கண்டு, "உதென்ன, கோயில் சோடனையோ?" என்று கேட்டதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது.

பிறகு கிளிநொச்சிக்குப் போய் வருகிற வைஃபையை வாங்கித் திரும்ப விடுகிற ரிப்பீட்டர் ஒன்று வாங்கி வந்து நேரே குசினி பிளக்கில் குத்தினேன். போனில் சிக்னல் நிரம்பி வழிந்தது. அம்மாவுக்குச் சந்தோஷம், எனக்குத் தலைக்கனம், பெரியம்மா மட்டும் வரவே இல்லை. கடைத் தம்பிக்கு அழைத்தால் அவன் சிரிக்கிறான். "அண்ணை, சிக்னல் இல்லாத இடத்தில அதைக் குத்தினா அது எதை எடுத்துத் தாறது? நடுவழியில வையுங்கோ. அதோட உது ஒரே அலையில வாங்கி, ஒரே அலையிலதான் விடும், வேகம் பாதியாத்தான் வரும்."

நான் இதை அப்பாவுக்கு விளங்கப்படுத்த வாய் திறக்க முதலே அவருக்கு விளங்கிவிட்டது. இரணைமடுக் குளத்து வாய்க்காலில் கடைசிக் காணிக்காரன் அவர், தண்ணீர் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்பதைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. "தண்ணி வராத வரம்பில மிஷினை வச்சு இறைச்ச மாதிரி" என்றார். அந்த ஒரு வரி முன்னாடியே கிடைத்திருந்தால் எனக்குப் பெற்றோல் காசு மிச்சம்.

நடுவழி என்றால் எங்கள் வீட்டில் பின் அறை. அங்கே பிளக் இருந்தது, ஆனால் பிளக்கைக் காணவில்லை. நெல் மூடைகளுக்குப் பின்னால் போய்விட்டது. கால போக நெல், விலை ஏறட்டும் என்று அப்பா விற்காமல் அறுபது மூடையைப் பின் ஜன்னல் உயரத்துக்கு அடுக்கியிருந்தார். அடுக்கியது நானும்தான், முதுகுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு மூடையைக்கூட அசைக்க அவர் சம்மதிக்கவில்லை, எனக்கும் வல்லமை இல்லை.

சரி, மினக்கெடுகிறது என்று முடிவெடுத்தால் ஒழுங்காக மினக்கெடுவோம் என்று கடைசியில் கேபிள் இழுத்தேன். முப்பது மீற்றர், வெயிலுக்கும் மழைக்கும் தாங்குகிற கறுப்பு வயர். நூறு மீற்றர் வரைக்கும் அந்த வயரில் வேகம் குறையாது என்பதால் அதைப் பற்றிக் கவலை இல்லை. கவலை அணில். வேலியோரமாக இழுத்த மூன்றாம் நாள், மாமரத்தடியில் அரை அடி நீளத்துக்குத் தோலை உரித்து, உள்ளே இருந்த நிற நிறமான நூல்களைத் தென்னந்தும்பு மாதிரி விரித்து வைத்திருந்தது. திரும்பவும் கடை, திரும்பவும் வயர், இந்தமுறை அரை அங்குலக் குழாய்க்குள் விட்டு மண்ணில் தாட்டேன்.

குசினி முனையில் பழைய ரவுட்டர் ஒன்றைப் போட்டேன். போட்ட அன்றைக்கு முழுக்க வீட்டில் ஒருவருக்கும் இணையம் இல்லை, ஏனென்றால் இரண்டு ரவுட்டரும் போட்டி போட்டுக்கொண்டு போன்களுக்கு முகவரி கொடுத்துக்கொண்டிருந்தன. ஒரு ஊருக்கு இரண்டு கிராம அலுவலர் இருந்து, இரண்டு பேரும் வதிவிடச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. பழையதில் முகவரி கொடுக்கிற டிஎச்சிபியை நிறுத்தி, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, வயரையும் வெளி இணைப்புக்கான வான் (WAN) துளையிலிருந்து கழற்றி, வீட்டு இணைப்புக்கான லான் (LAN) துளையில் போட்ட பிறகுதான் அடங்கியது. ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். அம்மா முற்றத்திலிருந்து குசினிக்கு நடந்தால் போன் தானாகவே பாய்ந்துகொள்ளும். இரண்டு கிழமை நான் அந்த வீட்டில் பெரிய மனிதன். இடி முழங்கும்போதெல்லாம் அப்பா ஓடிப்போய் எல்லாப் பிளக்கையும் இழுத்துவிடுவார், அது ஒன்றுதான் குறை. பங்குனி, சித்திரையில் பின்னேரம் இடி இல்லாத நாள் எங்கே இருக்கிறது?

பங்குனிக் கடைசியில் நெல் விலை ஏறியது. லொறி வந்தது, அறுபது மூடையும் போனது.

அடுத்த நாள் விடிய நான் தேத்தண்ணிக்குக் குசினிக்குப் போனேன். பெரியம்மா பளிச்சென்று இருந்தார், பின்னால் அவருடைய வீட்டுச் சுவர்மணிக்கூட்டின் நொடிமுள்கூடத் தெரிந்தது. "நல்லா வருது தம்பி, உன்ர வயர் இப்பதான் சரியா வேலை செய்யுது" என்றார் அம்மா. நான் பெருமையோடு குசினி ரவுட்டரைப் பார்த்தேன். ஒரு விளக்கும் எரியவில்லை. முதல்நாள் பின்னேர இடிக்கு அப்பா இழுத்த பிளக், அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

தங்கச்சிக்குத்தான் முதலில் பொறி தட்டியது. மெதுவாகப் போய்ப் பின் அறைக் கதவைத் திறந்து காட்டினாள். வெறும் அறை, திறந்த ஜன்னல், அதற்கு நேரே குசினியின் அரைச்சுவர். நெல்லைக் காயவைத்து விற்கும்போது நூற்றுக்குப் பதினான்கு பங்கு ஈரம் பார்ப்பார்கள். மூடைக்கு 65 கிலோ, அறுபது மூடை, 3900 கிலோ. அதில் பதினான்கு பங்கு என்றால் 546 கிலோ தண்ணீர். வைஃபை அலையைத் தண்ணீர் குடித்துவிடும் என்று எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். ஆனாலும் ஐந்நூறு லீற்றர் தாங்கி ஒன்றை நிரப்பி, ரவுட்டருக்கும் அம்மாவுக்கும் நடுவில், என் முதுகாலேயே சுமந்து அடுக்கியிருக்கிறேன். மற்றப் பக்கங்களைத்தான் தகரம் மறைக்கிறதே, வழி அந்த ஜன்னல் ஒன்றுதான்.

அப்பா கணக்கைக் கேட்டுவிட்டு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்த பிறகு சொன்னார்:

"அப்ப அடுத்த போகம் மூடையை உன்ர அறையில அடுக்குவம். நீயும் இரவில நேரத்தோட படுப்பாய்."