பழைய பாக்ஸ்டர் வாங்கப் போறீங்களா?

1997–2004 போர்ஷே பாக்ஸ்டர், போர்ஷேயிலயே மலிவாக் கிடைக்கிற வண்டிகள்ல ஒண்ணு. செலவு மட்டும் போர்ஷே கணக்குதான்! ஆயில் மாத்தினாலே 8 லிட்டருக்கு மேல ஊத்தணும்.

கழட்டின ஆயில் ஃபில்டரைத் தூக்கிப் போடாதீங்க. பேப்பரை அறுத்து, மடிப்பு மடிப்பா விரிச்சு வெயில்ல பாருங்க. மினுமினுன்னு துகள் தெரிஞ்சு, அது காந்தத்துல ஒட்டினா, ஐஎம்எஸ் பேரிங் (இன்ஜினுக்குள்ள இருக்கிற இடைத்தண்டைத் தாங்குற பேரிங்) மேல சந்தேகப்படணும். அதோட சீல் இறுகிப்போனா உள்ள இருக்கிற கிரீஸை ஆயில் கழுவிடும். பேரிங் உடைஞ்சா டைமிங் (வால்வு திறந்து மூடுற நேரம்) தப்பி இன்ஜினே காலி. அந்த பேரிங்கை மாத்த கியர்பாக்ஸை இறக்கணும். அதனால கிளட்ச் போடும்போதே சேர்த்து முடிச்சிடுங்க, இறக்குகூலி ஒருதடவையோட போகும்.

முன் பம்பர் ஓட்டைக்குள்ள சேர்ற சருகையும் வருஷத்துக்கு ஒருதடவை வாரிடுங்க. ஈரச் சருகு அங்க இருக்கிற ஏசி கண்டென்சரை (ஏசி வாயுவைக் குளிர வைக்கிற பாகம்) அரிச்சிடும்.