ஸ்பே ஆற்றில் தூண்டில் போட நான் பட்ட பாடு

ஸ்காட்லாந்தில் மீன் பிடிக்க லைசென்ஸே வேண்டாம் என்று யாராவது சொன்னால் பாதியை மட்டும் நம்புங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசாங்கத்திடம் ராட் லைசென்ஸ், அதாவது தூண்டில்கோலுக்கான உரிமம், வாங்கிய பிறகுதான் தூண்டிலைத் தொடலாம். எல்லையோரம் ஓடும் எஸ்க் ஆற்றுப் பக்கத்தை விட்டுவிட்டால், ஸ்காட்லாந்தில் அப்படி ஒரு லைசென்ஸ் கிடையாது. ஆனால் ஆற்றில் சால்மனையும் கடல் டிரவுட்டையும் பிடிக்கும் உரிமை எப்போதும் யாரோ ஒருவரின் சொத்து. ஆதியில் அது அரசருடையது. அவர் கொடுத்துக் கொடுத்துக் கைமாறி, இன்று நிலத்திலிருந்து பிரித்துத் தனியாக விற்கவும் வாங்கவும் கூடிய சொத்தாக நிற்கிறது. கரையிலேயே வீடு வைத்திருப்பவருக்குக் கூடத் தன் வீட்டுப் படியிறங்கி சால்மனுக்குத் தூண்டில் போட உரிமை இல்லாமல் போகலாம். எழுத்தில் அனுமதி இல்லாமல் பிடித்தால் அது கிரிமினல் குற்றம். பெய்லிஃப் என்று ஆற்றைக் காவல் காப்பவர்கள் இருக்கிறார்கள். பையைச் சோதிக்கவும் தூண்டிலைப் பறிமுதல் செய்யவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

அபர்டீனில் வேலை. டீ ஆறு ஊருக்குள்ளேயே வந்து கடலில் சேர்கிறது. பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தே ஆசை வந்தது. டே, ட்வீட், டீ, ஸ்பே என்ற நான்கு பெரிய ஆறுகளையும் பீட் என்று துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பீட்டுக்கும் இத்தனை ராட்தான் என்று கணக்கு. மீனவர்களுக்கு ஒரு குடில், வழிகாட்ட ஒரு கில்லி. பேர்போன பீட்டில் நல்ல வாரம் வேண்டுமென்றால் முந்தைய வருடம் அதே வாரத்தில் மீன் பிடித்தவர் விட்டுக்கொடுக்க வேண்டும். அவர் விட மாட்டார். விட்டாலும் வாடகையைக் கேட்டுவிட்டு நானே போனை வைத்திருப்பேன்.

வழி இல்லாமல் இல்லை. பல ஊர்களில் தூண்டில்காரர் சங்கங்கள் ஆற்றில் ஒரு பகுதியைக் குத்தகைக்கோ சொந்தமாகவோ வைத்துக்கொண்டு வெளியாருக்கும் நியாயமான விலைக்கு டிக்கெட் தருகின்றன. ஸ்பே ஆற்றங்கரையில் கிராண்டவுன் ஊரில் அப்படி ஒரு சங்கம். ஜூனில் ஒரு வாரம் லீவு போட்டு, ஊரில் அறை எடுத்து, தூண்டில் சாமான் கடையில் டிக்கெட் கேட்டேன். பணம் வாங்குவதற்கு முன்பே கேள்விகள்: எங்கே தங்கியிருக்கிறீர்கள், தண்ணீரில் இறங்கப் போடும் இதே வேடர்ஸ் கால்சட்டையை வெளிநாட்டில் எங்காவது போட்டீர்களா? இரண்டாவது கேள்வி சும்மா கேட்பதல்ல. ஜைரோடாக்டைலஸ் சலாரிஸ் என்று அரை மில்லிமீட்டர் கூட இல்லாத ஒட்டுண்ணி ஒன்று 1970களில் நார்வே ஆறுகளில் புகுந்து சால்மன் குஞ்சுகளை அழித்தது. அதை ஒழிக்க ஆற்றில் மருந்து ஊற்றி எல்லா மீனையும் கொல்ல வேண்டியிருந்தது. பிரிட்டனுக்குள் அது இன்னும் வரவில்லை. ஈரமான வலையிலும் வேடர்ஸிலும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்ற பயத்தில்தான் இவ்வளவு விசாரணை.

டிக்கெட்டோடு விதிகளும் வந்தன. தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்குமே ஒரு சிறு கூர், அதைக் குறடால் நசுக்கிவிட வேண்டும். கடைக்காரர் கவுண்டரிலேயே ஒன்றை நசுக்கி, முள்ளை ஒரு பஞ்சில் குத்தி எடுத்துக் காட்டினார். இழை கூடச் சிக்காமல் வந்தது. பிடித்த சால்மனைத் திருப்பி விடுவதுதான் இப்போது வழக்கம். வருடா வருடம் ஆறுகளைத் தரம் பிரிக்கிறார்கள். மூன்றாம் தர ஆறு என்றால் திருப்பி விடுவது கட்டாயம். மார்ச் 31 வரை பிடிபடும் சால்மனை எந்த ஆறாக இருந்தாலும் விட்டாக வேண்டும். 2023இல் பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மனை அழியும் ஆபத்தில் உள்ளது என்று பட்டியலில் சேர்த்தும் விட்டார்கள். பிறகு எதற்கய்யா பிடிக்க வேண்டும் என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. நான் ஃப்ளை என்கிற போலி இரைகளின் பெட்டியை மூடி வைத்தேன், அவ்வளவுதான்.

காஸ்டிங், அதாவது லைனை வீசும் முறை, கற்க ஒரு பெரியவரைப் பிடித்தேன். கீழே ஏதோ ஒரு பீட்டில் பல காலம் கில்லியாக இருந்தவர். பதினான்கு அடி ராட் ஒன்றைக் கையில் கொடுத்தார், இரண்டு கையாலும் பிடிப்பது. ஸ்பே கரையில் முதுகுக்குப் பின்னால் மரமோ மேடோ இருக்கும். லைனைப் பின்னால் வீசினால் கிளையில்தான் போய் மாட்டும். அதனால் பிறந்ததுதான் ஸ்பே காஸ்ட். லைன் முழுதாகப் பின்னால் போகவே போகாது. ஆற்றோட்டத்தோடு கீழ்நோக்கி நீண்டு கிடக்கும் லைனை மெல்லத் தூக்கி மேல்பக்கம் கொண்டுவந்து கிடத்தி, திரும்பக் கீழ்ப்பக்கமாகச் சுழற்றினால், அது தோளுக்குப் பின்னால் வயிறு தள்ளி வளையும். நுனி மட்டும் தண்ணீரில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நொடியில் முன்னால் அடிக்க வேண்டும். காற்று ஆற்றோட்டத்தோடு கீழ்நோக்கி அடித்தால் டபுள் ஸ்பே, ஓட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி அடித்தால் சிங்கிள் ஸ்பே. மாற்றிப் போட்டால் காற்று ஃப்ளையை நேராக நம் காதுக்குக் கொண்டுவரும். கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் அவர் பாடமே தொடங்கவில்லை. “மேல்கையால தள்ளாதீங்க, கீழ்க்கையால இழுங்க” என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். தோள் கழன்றுவிடும் போல ஆன பிறகுதான், அதாவது பலம் காட்டத் தெம்பு இல்லாமல் போன பிறகுதான், லைன் நேராகப் போய் விழுந்தது.

அப்புறம் மடுவில் இறங்கும் முறை. மேல்முனையில் இறங்க வேண்டும். எதிர்க்கரை நோக்கிச் சாய்வாக வீசி, ஃப்ளை ஓட்டத்தோடு வளைந்து நம் கரைக்கு வரும்வரை விட்டுவிட்டு, ஓரிரண்டு அடி கீழே நகர்ந்து மறுபடி வீச வேண்டும். பின்னால் ஆள் வந்தால் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்; ஒரே இடத்தில் வேரூன்றி நிற்பவரை யாரும் திட்ட மாட்டார்கள், ஆனால் மறுநாள் யாரும் பேசவும் மாட்டார்கள். பிரிட்டனின் பெரிய ஆறுகளில் ஸ்பேதான் வேகம் என்பார்கள். தொடை அளவுத் தண்ணீரிலேயே காலடிக் கூழாங்கல் உருள்வது தெரியும். இடுப்பு பெல்ட்டும் ஊன்றுகோலும் இல்லாமல் இறங்க வேண்டாம்.

சால்மன் ஆற்றுக்குள் வந்துவிட்டால் எதுவும் தின்பதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பை வைத்தே முட்டையிடும் காலம்வரை ஓட்டுகிறது. பசியில்லாத மீனுக்கு இரை காட்டுகிற வேலை இது. அதனால்தான் கேஸ்கேட், வில்லி கன், ஸ்டோட்ஸ் டெயில் என்று ஆரஞ்சிலும் மஞ்சளிலும் கறுப்பிலும் முடி கட்டிய ஃப்ளைகள் எந்தப் பூச்சியையும் ஒத்திருப்பதில்லை. ஒருவேளை மீன் தொட்டுவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றுமே செய்யாமல் இருப்பது. “தூக்காதீங்க. அது வாயில வச்சிக்கிட்டுத் திரும்பட்டும். ரீல் கத்தட்டும். அப்புறம் தூக்கலாம்” என்றார் பெரியவர். தக்கை அமுங்கியதும் வெட்டி இழுத்துப் பழகிய கைக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. பேச்சு எப்படியும் மிஸ் பாலன்டைனிடம் போய் நிற்கும்: 1922 அக்டோபரில் டே ஆற்றில் ஜார்ஜினா பாலன்டைன் பிடித்த 64 பவுண்டு சால்மன், அதாவது 29 கிலோ. பிரிட்டனில் தூண்டிலில் பிடித்ததில் இன்றும் அதுதான் சாதனை. அது ஃப்ளையில் விழுந்த மீன் அல்ல என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார்.

எனக்கு ஒரு மீனும் தொடவில்லை. மழையே இல்லாத வாரம். ஆற்று மட்டத்தைச் சுற்றுச்சூழல் முகமையின் இணையப் பக்கத்தில் காலையும் மாலையும் பார்த்தேன். கோடு படுக்கையாகக் கிடந்தது. மழை பெய்து ஆறு ஏறி, பிறகு தெளிந்து இறங்கும்போதுதான் புது சால்மன் மேலே வரும். வற்றிய தண்ணீரில் நாளெல்லாம் நிற்பதைவிட ராத்திரி கடல் டிரவுட்டுக்குப் போகச் சொன்னார் பெரியவர். இந்த மீனும் ஆற்றில் வாழும் பழுப்பு டிரவுட்டும் ஒரே இனம். கடலுக்குப் போய்த் திரும்பியதுதான் வித்தியாசம். சட்டம் பழுப்பு டிரவுட்டை ஞாயிற்றுக்கிழமையும் பிடிக்க விடுகிறது, கடல் டிரவுட்டையும் சால்மனையும் விடுவதில்லை. ஆக, ஞாயிறு இரவு கரையில் உட்கார்ந்து பன்னிரண்டு மணி ஆகக் காத்திருந்தோம்.

அங்கே ஜூனில் சூரியன் மறையவே பத்து மணி தாண்டும். அதற்கு முன்பே போய், மடுவின் வால்பகுதியில் எந்தக் கல் எங்கே, எந்த இடத்தில் தரை சரிகிறது என்று வெளிச்சத்தில் நடந்து பார்த்து வைத்துக்கொண்டேன். இரவில் அதைத்தான் கால் தேடும். டார்ச்சைத் தண்ணீர்மேல் அடிக்கக் கூடாது. காற்று நின்றதும் மிட்ஜ் வந்தது. கொசுவைவிடச் சிறிய பூச்சி, கூட்டமாக வந்து காது மடலையும் மணிக்கட்டையும் தின்னும். தலைக்கு வலை போட்டுக்கொண்டும் நாலைந்து பேர் அரைமணி நேரம் வாட்சைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம், எதிரே மீன்கள் பொத் பொத்தென்று விழுந்துகொண்டிருந்தன. யாரும் ஒரு நிமிடம் முன்னால் எழவில்லை.

இதற்கு ஒற்றைக் கை ராட் போதும். சிறிய வெள்ளி ஸ்டோட்ஸ் டெயில் கட்டி, லைனைக் குறைவாக விட்டு, காதால் மீன் பிடித்தேன் என்றே சொல்லலாம். வௌவால் ஒன்று லைனில் உரசிப் போனது. அதற்கே மனம் திடுக்கிட்டது. அப்புறம் நிஜமாகவே ஒன்று இழுத்தது. சைக்கிளில் போகும்போது யாரோ பின்னாலிருந்து கேரியரைப் பிடித்தது போல. சால்மனுக்குச் சொன்ன பொறுமை இங்கே வேலைக்கு ஆகாது, ஆனால் வாய் மென்மையான மீன், முரட்டுத்தனமும் ஆகாது. இருட்டில் அது எங்கே குதித்தது என்று சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வலைக்குள் வந்ததும் கையை நனைத்துக்கொண்டு, கழுத்தில் தொங்கிய சிவப்பு விளக்கில் பார்த்தேன். செதில் இன்னும் கடல் வெள்ளியாக இருந்தது, விரலில் ஒட்டிக்கொண்டு வரும் அளவுக்கு. சால்மனா டிரவுட்டா என்று பதிவேட்டில் எழுத வேண்டுமே. மேல்தாடை கண்ணைத் தாண்டிப் போகிறது. வால் நுனி பிளவில்லாமல் நேராக இருக்கிறது. வாலடியைப் பிடித்தால் சால்மன் போல நிற்காமல் வழுக்குகிறது. டிரவுட்தான், ஒரு கிலோ இருக்கும். முள் தானாகவே கழன்று வலையில் கிடந்தது. தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டேன். செவுள் சீராக அடித்ததும் உதறிக்கொண்டு போய்விட்டது.

முதல் தடவை போகிறவருக்கு நான் சொல்வது இதுதான்: பேர்போன சால்மன் பீட்டில் ஒரு நாளுக்குக் கொட்டும் பணத்தில் ஜூனில் சங்கத்து டிக்கெட்டும் ஒரு நாள் காஸ்டிங் பாடமும் எடுத்துவிடுங்கள். மிட்ஜ் வலை மறக்க வேண்டாம்.

வாரக் கடைசியில் பிடித்த கணக்கை எழுதிக் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் எடையைக் கேட்கவில்லை. எந்த ஃப்ளை, எத்தனை மணிக்கு, எந்த மடு என்று கேட்டார். முதல் இரண்டுக்கும் பதில் சொன்னேன்.