உச்சிக்குப் பத்து மீட்டர் கீழே

டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் காலையில் அந்த வீடியோவையே மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

2021 ஜனவரி 16. உலகின் இரண்டாவது உயரமான கே2 சிகரம், 8,611 மீட்டர்.

எட்டாயிரம் மீட்டரைத் தாண்டும் 14 சிகரங்களில், குளிர்காலத்தில் யாரும் ஏறாமல் மிச்சமிருந்தது இது ஒன்றுதான்.

ஏறிவந்த பத்து நேபாளிகளில் முன்னால் போனவர்கள் உச்சிக்குச் சற்றுக் கீழே நின்றுவிடுகிறார்கள். அந்தக் குளிரில் சும்மா நிற்பதே ஆபத்து. ஆனாலும் பின்னால் வருபவர்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.

அப்புறம் பத்துப் பேரும் தோளோடு தோள் சேர்ந்து, தேசிய கீதம் பாடியபடி கடைசி அடிகளை வைக்கிறார்கள்.

எத்தனை வருடங்கள் வெளிநாட்டு மலையேறிகளின் மூட்டையைச் சுமந்து, அவர்களுக்காகக் கயிறு கட்டி, படத்தின் ஓரத்தில் பெயரில்லாமல் நின்ற மக்கள்!

இன்னொரு முறை பார்த்தேன். கண் கலங்கிவிட்டது.